லகாவுலின் 16, க்ளென்ஃபார்க்ளாஸ் 15: எதை வாங்கலாம்?

இரண்டும் ஸ்காட்லாந்தின் சிங்கிள் மால்ட் விஸ்கிகள், அதாவது ஒரே ஆலையில் முளைவிட்ட பார்லியில் காய்ச்சியவை. பெயரோடு வரும் 16, 15 என்பது வயது. லேபிளில் போடும் வயது, பாட்டிலுக்குள் இருப்பதிலேயே இளைய விஸ்கியின் வயது. ஆகவே ஒரு வருட வித்தியாசத்தை விடுங்கள். பீட் (சதுப்பு நிலத்தில் வெட்டியெடுக்கும் மக்கிய கரிமண்) புகையா, ஷெர்ரி (ஸ்பானிய ஒயின்) இருந்த பீப்பாயா என்பதுதான் கேள்வி.

வாசனை: லகாவுலின் ஐலா தீவுச் சரக்கு. முளைவிட்ட பார்லியை பீட் புகையில் உலர்த்துவதால் கரி, அயோடின், உப்பு. முதல் மோப்பத்தில் ஆஸ்பத்திரி வார்டுதான். கிளாஸில் பத்து நிமிடம் விட்டால் அடியிலிருந்து இனிப்பு மெல்ல மேலே வரும். ஸ்பேசைட் வட்டாரத்தின் க்ளென்ஃபார்க்ளாஸ் ஷெர்ரி பீப்பாயில் முதிர்ந்தது; அதில் உலர்திராட்சை, ஆரஞ்சுத் தோல். எடுத்த எடுப்பிலேயே நட்பு.

தண்ணீர்: லகாவுலினில் ஆல்கஹால் 43%, சில சொட்டு போதும். க்ளென்ஃபார்க்ளாஸில் 46%, அரை ஸ்பூன் தாங்கும். ஐஸ் இரண்டுக்கும் வேண்டாம், வாசனை அடங்கிவிடும்.

விலை: பல கடைகளில் லகாவுலின்தான் கூடுதல்.

புகை வாசனை பிடித்துப்போனவருக்கு லகாவுலினுக்கு மாற்றே கிடையாது. சிங்கிள் மால்ட்டுக்குப் புதியவர், பரிசு கொடுப்பவர் என்றால் யோசிக்காமல் க்ளென்ஃபார்க்ளாஸ். ஒரே மாலையில் இரண்டுமா? க்ளென்ஃபார்க்ளாஸை முதலில் ஊற்றுங்கள். பீட் ஏறிய நாக்குக்கு அதன் பழச்சுவை எட்டாது.