அப்பாவின் கால் வீக்கமும் ஆற்காடு ரோடு சர்ஜிக்கல் கடையும்

அப்பாவுக்கு வேலூர் நேதாஜி மார்க்கெட்டில் காய்கறி வியாபாரம், நாள் முழுக்க நின்றபடிதான். சாயங்காலம் ஆனால் இரண்டு காலும் வீங்கி, செருப்பு வார் பதிந்த தடம் ராத்திரி வரை மறையாது. நின்று நின்று வருவதுதானே என்று நாங்களாகவே முடிவு செய்து ஒரு கடையில் வெரிகோஸ் சாக்ஸ் (காலை இறுக்கிப் பிடித்து வீக்கத்தைக் குறைக்கும் உறை) கேட்டோம், அளவே எடுக்காமல் லார்ஜ் என்று கொடுத்து அனுப்பிவிட்டார்கள். முட்டிக்குக் கீழே சுருண்டு தோலில் சிவப்பு வளையம் விழுந்ததுதான் மிச்சம்.

அப்புறம் சி.எம்.சி. ஆஸ்பத்திரி எதிர்ச் சந்தில் ஒரு சின்ன சர்ஜிக்கல் கடை. அங்கிருந்த அக்கா அப்பாவின் முன்னங்காலில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார், குழி அப்படியே நின்றது. "ஐயா, ரெண்டு காலும் ஒரே மாதிரி வீங்கியிருக்கு, பி.பி. மாத்திரை எதுனா சாப்பிடுறீங்களா? டாக்டரைப் பார்த்துட்டு வாங்க, அப்புறம் தரேன்" என்று திருப்பி அனுப்பிவிட்டார். விற்க வந்தவர் விற்காமல் அனுப்பியது எனக்கு முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது.

ஆனால் அவர் சொன்னது சரி. இதயம், சிறுநீரகம், கல்லீரல் எதில் கோளாறு வந்தாலும் இப்படி இரண்டு காலிலும் நீர் கோக்குமாம், காலுக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு இருந்தால் இறுக்கமான சாக்ஸ் கெடுதலே செய்யும். டாக்டரிடம் போனோம். எக்கோ (இதய ஸ்கேன்), சிறுநீர்ப் பரிசோதனை, கிரியாட்டினின் (சிறுநீரகத்துக்கான ரத்தப் பரிசோதனை) எல்லாம் நன்றாகவே இருந்தன. காரணம் அப்பா சாப்பிட்டு வந்த பி.பி. மாத்திரை, 10 மி.கி. ஆம்லோடிபின். அந்த மாத்திரை நுண்ணிய தமனிகளை விரிப்பதால் நீர் வெளியே கசிகிறது. டாக்டர் வேறு மாத்திரைக்கு மாற்றினார் (நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்), சில வாரத்தில் வீக்கம் பெரும்பாலும் வடிந்தது. இடது காலில் மட்டும் கொஞ்சம் மிச்சம், டாப்ளரில் (ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் ஸ்கேன்) சிரை வால்வு, அதாவது ரத்தம் கீழே திரும்பாமல் தடுக்கும் அடைப்பான், பலவீனம் என்று தெரிந்து கிளாஸ் 2 (நடுத்தர இறுக்கம்) சாக்ஸ் எழுதித் தந்தார்.

அதே கடைக்குத்தான் போனோம். வீக்கம் ஏறுவதற்கு முன் காலையிலேயே வரச் சொல்லி, கணுக்கால், கெண்டைக்கால், முட்டி வரை நீளம் எல்லாம் டேப் வைத்து அளந்தார், குதிகால் வரை உள்பக்கம் திருப்பிப் போடும் விதத்தை அம்மாவுக்குப் பொறுமையாக இரண்டு தடவை காட்டினார்.

சாக்ஸ் நன்றாகப் பொருந்துகிறது, சுருளவில்லை. வேலூர் வெயிலுக்கு வேர்த்து அரிப்பதுதான் தொல்லை, மே மாதம் அப்பா மத்தியானமே கழற்றிவிட்டார். நாலைந்து மாதமாகக் கையால் துவைத்து நிழலில் காயவைத்தும் பிடிமானம் தளர ஆரம்பித்திருக்கிறது, அடுத்த ஜோடியும் அந்த அக்காவிடமே அளவு கொடுத்துத்தான்.