மஃபாத்தில் ஓர் அழுமூஞ்சிக் கூடாரம்: ஆறு வருட அனுபவம்

போன வாரம் கூடாரத்தின் தையல்களுக்கெல்லாம் மறுபடி பசை தடவி மாடியில் காயப்போட்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து, புதுச்சேரியிலிருந்து இங்கே ரெயூனியன் தீவுக்குப் புதிதாக வேலைக்கு வந்திருக்கும் தம்பி ஒருவர் போன் செய்தார். “அண்ணே, நீங்க வச்சிருக்கீங்களே அதே கூடாரம், இப்போ 79 யூரோவுக்குப் போட்டிருக்கான். வாங்கிடட்டுமா?” 2019ல் நான் 129 யூரோ கொடுத்து வாங்கியது அது. வயிறு எரிந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கீழே எங்காவது கோபம் தூக்கலாகத் தெரிந்தால் பாதிக் காரணம் இதுதான்.

எடை, உயரம், எத்தனை பேர் படுக்கலாம் என்பதெல்லாம் பெட்டியிலேயே போட்டிருக்கிறது. ஒற்றைத் துணி, இரண்டு ஆள், இரண்டு கம்பி, தலைமாட்டில் ஒன்றும் கால்மாட்டில் ஒன்றுமாக இரண்டு காற்றுத் துவாரங்கள். அந்தத் துவாரங்களை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இதை நான் கடற்கரையில் ஒருநாளும் அடித்ததில்லை. போவதெல்லாம் மஃபாத்துக்குத்தான், வருடத்துக்கு மூன்று நான்கு முறை. ரெயூனியனே இந்தியப் பெருங்கடலில் பிரான்சுக்குச் சொந்தமான ஒரு தீவு, மஃபாத் அந்தத் தீவுக்குள் இன்னொரு தீவு. சுற்றிலும் செங்குத்தான மலைச்சுவர், உள்ளே போக ரோடு கிடையாது. நடந்து போகலாம், இல்லையென்றால் ஹெலிகாப்டர். உள்ளே இருக்கும் சிற்றூர்களுக்கு இங்கே வழங்கும் பெயரே ‘இலெத்’, அதாவது குட்டித் தீவு. கடலுக்குப் பதிலாகச் சுற்றிலும் பள்ளத்தாக்கு, அவ்வளவுதான் வித்தியாசம். அடிமைகளாக இருந்தவர்கள் தோட்டங்களிலிருந்து தப்பி ஓடி ஒளிந்துகொண்ட இடம் இது. அப்படி ஓடிவந்த தலைவன் ஒருவனின் பெயர்தான் மஃபாத். மலகாசி மொழியில் கொல்லக்கூடியது என்று பொருள் சொல்கிறார்கள். இங்கே அடிமைமுறை ஒழிந்தது 1848 டிசம்பர் 20ல். இன்றைக்கும் அந்த நாள் விடுமுறை. லெ போர் நகரிலிருந்து நிமிர்ந்து பார்த்தால், காலே ஆறு வெளியே வரும் மலைப்பிளவு தெரியும். இவ்வளவு பக்கத்தில் இருந்தும் இவ்வளவு எட்டாத இடத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

என் வழக்கமான வழி பக்கத்துப் பள்ளத்தாக்கான சலாஸி பக்கம். கிராந்த் இலெத் என்ற ஊரைத் தாண்டி கோல் தே பெ என்ற கணவாய், ஏறக்குறைய 1950 மீட்டர் உயரம். காரை அங்கே காசு கொடுத்து நிறுத்திவிட்டு இறங்க வேண்டும். இறங்கியதும் பிளேன் தே தமரேன் வரும். பிரெஞ்சில் தமரேன் என்றால் புளி. பெயரைக் கேட்டதும் புளியந்தோப்பு என்று நினைத்து என் மனைவி முதல் தடவை பை ஒன்று எடுத்து வந்தாள். அங்கே புளியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அது வேல இனத்து மரம், இந்தத் தீவின் மலைகளில் மட்டும் வளர்வது, இலை விஷயத்தில் ஏமாற்றி அப்படி ஒரு பெயர் வாங்கிக்கொண்டது. ஆனால் மூடுபனியில் அந்த மரங்கள் சாய்ந்து படுத்துக் கிடக்கும் அழகுக்கு இரண்டு மணிநேரம் நடக்கலாம். அங்கிருந்து மார்லா என்ற இலெத், மார்லாவிலிருந்து ஒன்றேகால் மணிநேரத்தில் த்ருவா ரோஷ். மொத்தம் நான்கு மணிநேரம், குழந்தைகள் வந்தால் ஐந்தரை.

த்ருவா ரோஷில் ஆறு கருங்கல் தளத்தின்மேல் சமர்த்தாக ஓடிவந்து, திடீரென்று ஓர் ஆள் அகலப் பிளவுக்குள் விழுந்து காணாமல் போகும். பக்கத்திலேயே சவுக்குத்தோப்பு. காரைக்கால்காரனுக்குச் சவுக்குத்தோப்பில் படுக்கக் கிடைத்தால் கேட்கவா வேண்டும். கழிப்பறை கிடையாது, குழாய் கிடையாது, விளக்கு கிடையாது. நெருப்பு மூட்டக் கூடாது, கேஸ் அடுப்புதான். சாயங்காலம் அடித்துக் காலையில் பிரித்துவிட வேண்டிய ஒரு ராத்திரிக் கூடாரம். இதற்கு இங்கே பிவுவாக் என்று பெயர். சாப்பாட்டு மூட்டையை மரத்தில் கட்டித் தொங்கவிடாவிட்டால் எலி பார்த்துக்கொள்ளும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். முதல் ராத்திரி, 2019 ஜூலை. ஒரு மேகம் இல்லை, வானம் முழுக்க நட்சத்திரம். விடியற்காலை மூன்று மணிக்கு நெற்றியில் ஒரு சொட்டு. பிறகு மூக்கில். டார்ச் அடித்துப் பார்த்தால் கூரைத் துணி முழுக்க முத்து முத்தாகத் தண்ணீர். கை பட்டதும் வரிசையாக வழிந்து தூக்கப்பையில் இறங்கியது. ஓட்டைக் கூடாரத்தை நம் தலையில் கட்டிவிட்டான் என்று முடிவு கட்டி, திங்கட்கிழமை ஈரத்தோடு சுருட்டிக் கடைக்குக் கொண்டுபோனேன். கவுண்டரில் இருந்த பையன் அதைக் கையில்கூட வாங்கவில்லை. “முசியே, இது மழையில்லை, உங்கள் மூச்சு” என்றான். மூச்சு விடாமல் படுக்கச் சொல்கிறாயா என்று கேட்டேன். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். பணம் திரும்பக் கிடைக்கவில்லை.

இதில் எனக்கு இருக்கும் சங்கடத்தையும் சொல்ல வேண்டும். நான் குளிர்பதன மெக்கானிக். மீன் கிடங்குகளில் கூரையிலிருந்து தண்ணீர் சொட்டாமல் பார்த்துக்கொள்வதுதான் என் பிழைப்பு. ஈரக்காற்று குளிர்ந்த பரப்பைத் தொட்டால் நீர் கோக்கும் என்பது எனக்குக் கடைப்பையன் சொல்லித்தர வேண்டிய பாடமில்லை. “தினமும் இதே வேலைதானே பார்க்கிறீங்க?” என்று மனைவி கேட்டது அந்தப் பையன் சொன்னதைவிடக் காரமாக இருந்தது. அன்றிலிருந்து வீட்டில் அதற்கு அழுமூஞ்சி என்று பெயர்.

கணக்கு எளிது. ஒரு ஆள் ஒரு ராத்திரியில் மூச்சிலும் வியர்வையிலுமாகக் கால் லிட்டராவது தண்ணீர் வெளியே விடுகிறான். இரண்டு பேருக்கு அரை லிட்டர். மேகமில்லாத ராத்திரியில் கூடாரத்துணி தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிட்டு, சுற்றியுள்ள காற்றைவிடவும் குளிர்ந்துபோகிறது. மலைச்சுவர்களில் குளிர்ந்த காற்று கனத்து வழிந்து ஆற்றோரப் பள்ளத்தில் தேங்குகிறது. ஆறே ஈரத்தைக் கக்கிக்கொண்டிருக்கிறது. இத்தனையும் சேரும் இடத்தில்தான் அழகாக இருக்கிறதே என்று நாம் கூடாரம் அடிக்கிறோம். இரட்டைத்துணிக் கூடாரம் என்றால் வெளித்துணியில் கோத்து வெளியிலேயே வழிந்துவிடும், ஆள்மேல் விழாது. ஒற்றைத்துணியில் தப்ப ஒரே வழி, காற்று ஒரு பக்கம் நுழைந்து மறு பக்கம் வெளியேற வேண்டும். அதற்குத்தான் அந்த இரண்டு துவாரங்கள்.

கோபம் வருவது இங்கேதான். அந்தத் துவாரங்கள் தானாகத் திறந்து நிற்காது. ஒவ்வொன்றையும் ஒரு கயிறு இழுத்துப் பிடிக்க வேண்டும், அந்தக் கயிற்றுக்குத் தரையில் முளை அடிக்க வேண்டும். த்ருவா ரோஷில் ஒரு சாண் மண்ணுக்குக் கீழே கருங்கல். நான் வளைத்த அலுமினிய முளைகளை எடைக்குப் போட்டிருக்கலாம். சரி, கல்லில் கட்டினேன். அப்போதும் மூன்று மணிக்குச் சொட்டு. காரணம் பிடிபட இரண்டு வருடம் ஆனது. கூடவே கொடுத்த கயிறு நைலான். நைலான் நனைந்தால் இளகும். மாலையில் வீணைத் தந்திபோல இழுத்துக் கட்டுகிறேன், நடுராத்திரி பனியில் கயிறு தொய்கிறது, துவாரம் வாய் மூடிக்கொள்கிறது, மூடியதும் கூடாரம் அழ ஆரம்பிக்கிறது. வடிவமைத்தவர் ஒரு ராத்திரி, ஒரே ஒரு ராத்திரி இதில் படுத்திருந்தால் இது தெரிந்திருக்கும். ஆறு யூரோவுக்கு பாலியஸ்டர் கயிறு வாங்கி மாற்றினேன். அதன் பிறகு அழுகை பாதியாகக் குறைந்தது. அந்த ஆறு யூரோவை அவர்களே செலவழித்திருக்கக் கூடாதா?

மீதிப் பாதியை இடம் பார்த்து அடிப்பதில் குறைத்தேன். ஆற்றங்கரையை விட்டுப் பத்துப் பதினைந்து மீட்டர் மேலே, சவுக்கு மரங்களுக்கு அடியில். தலைக்குமேல் கிளை இருந்தால் துணி அவ்வளவு குளிராது. ஊசியிலை மெத்தை வேறு. காலையில் அருவியைப் பார்க்க நாலு எட்டு நடக்க வேண்டும், நடந்தால் என்ன?

இத்தனைக்கும் பிறகும் கொஞ்சம் ஈரம் மிச்சம் இருக்கும். அதற்கு என்னிடம் இருக்கும் கருவி பழைய கைலி. மைக்ரோஃபைபர் துண்டு, அது இது என்று வாங்கிப் பார்த்தேன், ஒன்றும் உதவவில்லை. இருபது தடவை துவைத்து நைந்த பருத்திக் கைலிதான் கூரையை ஒரே வீச்சில் துடைக்கும். பிழிந்துவிட்டு மறுபடி துடைக்கலாம். உடை மாற்றத் திரை, சுடுபாத்திரம் பிடிக்கத் துணி, குளிரில் கழுத்துச் சுற்றி, ஒருமுறை கால் பிசகிய மகளுக்குக் கட்டு, எல்லாம் அதுவே. இந்த ஆறு வருடத்தில் என் மூட்டையில் இருந்ததிலேயே காசுக்குப் பெறுமானமான பொருள் எது என்று கேட்டால் யோசிக்காமல் அதைத்தான் சொல்வேன்.

துடைத்தாலும் காயாது என்பது வேறு விஷயம். மலைச்சுவர் மறைப்பதால் ஆற்றுப் பள்ளத்துக்கு வெயில் மெதுவாகத்தான் இறங்கும். அதற்குள் பிரித்துச் சுருட்டிவிட வேண்டும். ஆக, மார்லா வரை ஏற்றம், பிறகு கணவாய் வரை ஏற்றம், மொத்தம் 700 மீட்டர் உயரத்துக்கு நான் முதுகில் சுமந்து போவது நேற்று ராத்திரி நாங்கள் விட்ட மூச்சை. மனைவியின் மூச்சையும் சேர்த்து.

நல்லதையும் சொல்லாவிட்டால் பாவம். மழைக்கு இது ஒரு சொட்டு விட்டதில்லை. 2022ல் மார்லாவில் ராத்திரி முழுக்கக் கொட்டியபோது பக்கத்தில் எங்களுடையதைப்போல இரண்டு மடங்கு விலைக் கூடாரத்தில் இருந்தவர்கள் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள், நாங்கள் தூங்கினோம். கம்பிகள் ஒருமுறைகூட வளையவில்லை. ஜிப் இன்னும் வெண்ணெய்போல ஓடுகிறது. நான்கு நிமிடத்தில் இருட்டில் ஒற்றை ஆளாக அடித்துவிடுவேன்.

இப்போது செய்த பழுதுபார்ப்பில் கூடாரத்தின் தப்பு பாதி, என் தப்பு பாதி. 2025 பிப்ரவரியில் கரன்ஸ் புயல் அடித்த பிறகு பாதைகளை மூடினார்கள். கூடாரம் பைக்குள்ளேயே மாதக்கணக்கில் கிடந்தது, அதுவும் லெ போரின் புழுக்கத்தில். எடுத்தபோது புளித்த வாடை, துணி உள்பக்கம் பிசுபிசு. பாலியூரித்தேன் பூச்சு சூட்டிலும் ஈரத்திலும் இப்படித்தான் சிதைந்துபோகும். தையல்மேல் ஒட்டியிருந்த பட்டைகள் வாழைநார்போல உரிந்து வந்தன. உரித்தெடுத்து, ஸ்பிரிட்டால் துடைத்து, பாலியூரித்தேன் பசையைத் தூரிகையால் தடவி இரண்டு நாள் காயவிட்டேன். சிலிகான் பசை இந்தத் துணியில் பிடிக்காது, கடையில் கொடுத்தாலும் வாங்காதீர்கள். உங்கள் கூடாரம் எதுவாக இருந்தாலும் பையில் திணித்து வைக்காமல் கொடியில் தளர்வாகத் தொங்கவிடுங்கள். சோதித்துப் பார்க்க மேலே ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினேன். கீழே துளி இல்லை. வெளித் தண்ணீரை அவ்வளவு கச்சிதமாகத் தடுப்பதால்தான் உள்தண்ணீரையும் வெளியே விடமாட்டேன் என்கிறது.

ஹெலிகாப்டர் பற்றியும் கேட்பீர்கள். ஆமாம், காலை ஏழு மணி சுமாருக்கு சுற்றுலா ஹெலிகாப்டர்கள் தலைக்குமேல் வரிசை கட்டும், எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் லா நூவெல் என்ற இலெத்தின் கடையில் நாம் வாங்கும் கேஸ் குடுவையும் அரிசியும் பீரும் ஹெலிகாப்டரில் தொங்கி வந்தவைதான். 1951லிருந்து 1991 வரை இவ்ரின் போஸே என்ற தபால்காரர் இந்த இலெத்துகளுக்கு நடந்தே கடிதம் கொண்டுபோனார். நாம் வருடத்துக்கு நான்கு முறை நடந்துவிட்டு, வீடு கட்டி இருப்பவர்களைப் பார்த்து வானத்தைக் காலி செய்யச் சொல்வது நியாயமில்லை. அப்புறம், அங்கே வேலியெல்லாம் படர்ந்து கிடப்பது நம் சௌசௌதான், இங்கே பெயர் ‘சூசூ’. கீரையாகக் கொழுந்தையும் தின்கிறார்கள். மனைவி இப்போது அதற்குத்தான் பை எடுத்து வருகிறாள்.

போன ஆகஸ்டில் ஒரு காலை. ஐந்து டிகிரி இருக்கும். கைலியால் துடைத்துப் பிழிந்துகொண்டிருந்தேன். டெக்டெக் குருவி ஒன்று, உள்ளங்கையளவுகூட இருக்காது, கூடாரக் கம்பி உச்சியில் வந்து உட்கார்ந்து, துணியின் வெளிப்பக்கப் பனித்துளியை ஒவ்வொன்றாகக் கொத்திக் குடித்தது. பயமே இல்லாத குருவி அது, நடப்பவர்கள் பின்னாலேயே வரும். நான் அசையாமல் நின்றேன். கைலியிலிருந்து சொட்டிய தண்ணீர் செருப்புக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

ஆகவே தம்பிக்குப் பதில்: வாங்க வேண்டாம். 79க்கும் வேண்டாம், 49க்கும் வேண்டாம். இன்னும் நாற்பது யூரோ போட்டு இரட்டைத்துணியாக வாங்கு, முந்நூறு நானூறு கிராம் கூடினால் கூடட்டும். பழையதை எனக்கே விற்றுவிடுங்களேன் என்று அடுத்த மெசேஜில் கேட்டிருக்கிறாய். அது விற்பனைக்கு இல்லை. வெள்ளிக்கிழமை விடியற்காலை நாலரைக்கு உன் வீட்டு வாசலில் வண்டி நிற்கும். முளை எதுவும் வாங்காதே. கைலி இரண்டு எடுத்து வா, பழையதாக.