ஆண்டு தேய்ந்த ஷில்லிங்: காந்தமா, தராசா, தண்ணீரா?

பிரிட்டன் சில்லறையில் பழைய வெள்ளி கலந்திருக்கிறதா என்று பார்க்க, நாணயத்தில் உள்ள ஆண்டைப் படிப்பதை விட நல்ல வழி கிடையாது. 1919 வரை அச்சிட்ட வெள்ளி நிற நாணயங்களில் ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி. 1920 முதல் 1946 வரை சரிபாதி. 1947 முதல் செம்பும் நிக்கலும் மட்டுமே, வெள்ளி துளியும் இல்லை. இன்றைய 10 பென்ஸ் நாணயங்களுக்கு நடுவே சற்றே சிறியதாக ஒன்று தட்டுப்பட்டால் அது ஷில்லிங்காக (பழைய பவுண்டில் இருபதில் ஒரு பங்கு) இருக்கலாம். 5 பென்ஸை விடக் கொஞ்சம் அகலமாக இருந்தால் ஆறு பென்னியாக (அரை ஷில்லிங்) இருக்கலாம்.

ஆண்டு தேய்ந்து போயிருந்தால்தான் தலைவலி. விக்டோரியா, ஏழாம் எட்வர்ட் தலைகள் என்றால் கவலையில்லை, உயர்தர வெள்ளி. இரண்டாம் எலிசபெத் என்றால், புழக்கத்துக்கு வந்த எதிலும் வெள்ளி கிடையாது. குழப்புபவர்கள் இரண்டு ஜார்ஜ்கள். ஐந்தாம் ஜார்ஜின் ஆட்சி 1920-க்கு இருபுறமும் நீள்கிறது. ஆறாம் ஜார்ஜின் ஆட்சி 1947-க்கு இருபுறமும். 1946-ம் ஆண்டு ஷில்லிங்கையும் 1947-ம் ஆண்டு ஷில்லிங்கையும் அருகருகே வைத்தால் அதே முகம், அதே சிங்கம். இந்தியப் பேரரசர் என்ற பட்டம் கூட 1948 வரை அப்படியே இருக்கிறது.

காந்தம் முதல் சலிப்புக்கு மட்டும் உதவும். 2012 முதல் வந்த 5, 10 பென்ஸ் நாணயங்கள் நிக்கல் பூசிய எஃகு என்பதால் ஒட்டிக்கொள்ளும். செம்பு-நிக்கலும் ஒட்டாது, வெள்ளியும் ஒட்டாது. நமக்குத் தேவையான இடத்தில் காந்தம் வாய் திறப்பதில்லை. விளிம்பில் செம்புக் கோடு தெரிகிறதா என்று பார்க்கச் சொல்லும் அறிவுரையும் பரவலாக உலவுகிறது. அது 1965 முதல் வந்த, அடுக்குகளாகச் செய்த அமெரிக்க நாணயங்களுக்கானது. பிரிட்டனின் செம்பு-நிக்கல் நாணயம் உள்ளும் புறமும் ஒரே கலவை. விளிம்பில் எதுவும் தெரியாது. சுண்டி ஓசை கேட்பது உயர்தர வெள்ளிக்குச் சரிவரும். பாதி வெள்ளி நாணயத்தில் என் காதை நம்பிக் காசு கொடுக்க மாட்டேன்.

தராசைத்தான் பலரும் நம்புகிறார்கள். இங்கேதான் பிரிட்டிஷ் நாணயம் ஏமாற்றும். 1920-லும் 1947-லும் உலோகத்தை மாற்றியவர்கள் எடையை மாற்றவில்லை. மூன்று காலத்து ஷில்லிங்கும் புதிதாக இருக்கையில் 5.66 கிராம், இரண்டரை ஷில்லிங் மதிப்புள்ள அரைக் கிரௌன் 14.14 கிராம். போதாததற்குத் தேய்மானம் வேறு. 5.4 கிராம் காட்டும் ஷில்லிங் அதிகம் தேய்ந்தது என்று மட்டுமே அதிலிருந்து தெரியும்.

எடை மாறாமல் உலோகம் மாறியதால் மாறியது அடர்த்தி. தேய்மானம் எடையைக் குறைக்கும், அடர்த்தியைத் தொடாது. அதனால்தான் நான் தண்ணீர்ச் சோதனைக்கு மாறினேன். 0.01 கிராம் காட்டும் சிறிய தராசு, ஒரு குவளைத் தண்ணீர், மெல்லிய நூல் போதும். நாணயத்தை உலர்வாக எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு தண்ணீர்க் குவளையைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்கி, நூலில் கட்டிய நாணயத்தை அடியில் படாமல் முழுவதும் மூழ்கும்படி தொங்கவிடுங்கள். தராசு காட்டும் எண்ணால் உலர் எடையை வகுத்தால் அடர்த்தி. ஏறத்தாழ 10.3 என்றால் 1920-க்கு முந்தையது, 9.5 என்றால் பாதி வெள்ளி, 8.9 என்றால் வெள்ளி இல்லை. காற்றுக் குமிழ் ஒட்டியிருந்தால் கணக்கு பொய்யாகும், வெள்ளியும் செம்பு-நிக்கலாகத் தெரியும். ஒரு துளி பாத்திரம் கழுவும் திரவம் குமிழை விரட்டும். முடிந்ததும் ஒற்றி எடுங்கள், தேய்த்துத் துடைக்காதீர்கள். பளபளப்பாக்கிய நாணயத்தைச் சேகரிப்பவர்கள் தொடவே யோசிப்பார்கள்.

இத்தனை மெனக்கெடல் எதற்கு என்றால், 1919-ம் ஆண்டு ஷில்லிங்கில் 5.2 கிராம் வெள்ளி, 1920-ல் 2.8 கிராம், 1947-ல் ஒன்றுமில்லை. விற்கப் போகும் இடத்தில் இந்த வித்தியாசம்தான் பேசும்.

இந்த முறைக்கும் எல்லை உண்டு. அரைக் கிரௌனில் பாதி வெள்ளிக்கும் செம்பு-நிக்கலுக்கும் தண்ணீரில் 0.1 கிராம் வித்தியாசம் வரும், தெளிவாகத் தெரியும். ஷில்லிங்கில் அது 0.04 கிராம், பலமுறை அளந்து சராசரி எடுக்க வேண்டும். ஆறு பென்னியில் 0.02 தான். வீட்டுத் தராசில் அதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல எனக்குத் துணிவில்லை. அங்கே மறுபடியும் கண்தான்: ஆறாம் ஜார்ஜின் ஆறு பென்னியில் கிரீடத்தின் கீழே ஜி-ஆர்-ஐ என்ற பின்னலெழுத்து இருந்தால் 1937 முதல் 1948 வரை எதுவாகவும் இருக்கலாம், ஜி-வி-ஐ-ஆர் என்று இருந்தால் 1949 அல்லது அதற்குப் பிந்தையது, வெள்ளி இல்லை. முதல் வகையை நான் தனி உறையில் போட்டு வைக்கிறேன். நகைக்கடைகளில் இருப்பது போன்ற துல்லியத் தராசு கைக்குக் கிடைக்கும் நாளில் பார்த்துக்கொள்ளலாம்.