கல்யாண விசாவுக்குப் பணம் கட்டுகிறவர்கள் கவனத்துக்கு: முகத்தைப் போனில் படம் எடுத்தால் அது எந்த விசா என்று கேளுங்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட், கோலகங்சார், ஈப்போ வட்டாரத்திலிருந்து ஆஸ்திரேலியாவில் இருக்கும் மாப்பிள்ளையையோ பெண்ணையோ கட்டிக்கொண்டு அங்கே குடியேறப் போகிறவர்கள், ஏஜெண்டிடம் காசு கொடுப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். எங்களுக்கு 16,500 வெள்ளி (ரிங்கிட்) போனது. அதைவிட, நிச்சயம் முடிந்து ஒரு வருடம் வீணாகப் போனது. காசை மறுபடி சம்பாதித்துக்கொள்ளலாம், அந்த வருடத்தை எங்கே போய் வாங்குவது?

நானும் என்னைக் கட்டிக்கொள்ளப் போகிறவரும் ஒரே தோட்டத்து லயத்தில் வளர்ந்தவர்கள். அவர் வெல்டிங் வேலைக்குப் பெர்த் போய் 2022-ல் நிரந்தர வசிப்புரிமை (பி.ஆர்.) வாங்கினார். நான் தோட்ட ஆபீசில் கிராணி. 2024 ஆவணியில் எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் நிச்சயம் செய்தோம். பெர்த்துக்கும் நமக்கும் ஒரே நேரம். அவர் வேலை முடிந்து கூப்பிடும்போது நானும் வீட்டில் இருப்பேன். அந்த ஒரு போன் காலில்தான் எங்கள் நாள் முடியும்.

கோயில் கமிட்டியில் ஒருவர்தான் இந்த ஏஜெண்டைச் சொன்னார். பட்டணத்தில் கடைவீட்டு மாடியில் ஆபீஸ். தமிழர். அம்மாவை அக்கா என்றும் என்னைத் தங்கச்சி என்றும் கூப்பிட்டார். சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்டு ஏழு இலக்கப் பதிவு எண் மாட்டியிருந்தார். "எல்லாம் சேர்த்து 16,500. நீங்க கவலைப்படாதீங்க அக்கா, தங்கச்சியை நான் ஏத்தி அனுப்புறேன்" என்றார். அம்மா முப்பது வருடம் செம்பனைக்கு மருந்து அடித்துச் சேர்த்த இபிஎஃப் பணத்தில் பெரும்பகுதி அன்றைக்கே பேசி முடிந்துவிட்டது.

முதலில் பார்க்க வேண்டியது கணக்கு. நிச்சயம் செய்தவர்களுக்கான விசாவின் எண் 300. அதற்கு ஆஸ்திரேலிய அரசாங்கம் வாங்கும் கட்டணம் அப்போது 9,095 ஆஸ்திரேலிய டாலர், நம் காசில் 25,000 வெள்ளிக்கு மேல். அரசாங்கத்துக்கே அவ்வளவு கட்ட வேண்டியிருக்கும்போது, தன் கூலியும் சேர்த்து 16,500-க்கு ஒருவர் எப்படிச் செய்து கொடுப்பார்? விலை குறைவாக இருக்கிறது என்று சந்தோஷப்பட்டோம். அந்தக் குறைவே எங்களை எச்சரித்திருக்க வேண்டும். கட்டணம் எவ்வளவு என்று அரசாங்கத்தின் குடிநுழைவு இணையப் பக்கத்திலேயே போட்டிருக்கிறது. ஐந்து நிமிட வேலை.

6,500 வெள்ளி ரொக்கமாகக் கொடுத்தோம். மீதியை 5,000 வெள்ளியாக இரண்டு தடவை பேங்க் வழியாக அனுப்பினோம். கம்பெனிக் கணக்குக்கு அல்ல, அவர் சொந்தப் பெயரில் இருந்த கணக்குக்கு. எட்டு மாதம் ஆகும் என்றார். நடுவில் எப்போது கேட்டாலும் "ஃபைல் உள்ளே போயிருக்கு". லாகின் கொடுங்கள், நானே பார்த்துக்கொள்கிறேன் என்று ஒரு தடவை கேட்டேன். "அது ஏஜெண்டுக்கு மட்டும்தான் தங்கச்சி, நீங்க உள்ளே போனா ஃபைல் லாக் ஆயிடும்" என்றார். பச்சைப் பொய். விண்ணப்பம் போடுவது இமிஅக்கவுண்ட் என்ற கணக்கு வழியாக. போட்டதும் டி.ஆர்.என். என்று ஓர் எண் விழும். ஏஜெண்ட் தன் கணக்கிலிருந்து போட்டிருந்தாலும், அந்த எண்ணை வைத்து நம் விண்ணப்பத்தை நம் சொந்தக் கணக்கில் இழுத்துக்கொண்டு பார்க்கலாம். கட்டணம் கட்டிய ரசீதும் அதற்குள்ளேயே இருக்கும்.

அவர் கேட்காமல் விட்ட தாள்களை இப்போது நினைத்தால் வயிறு எரிகிறது. விசா 300-க்கு, அங்கே கல்யாணத்தை நடத்தி வைக்கப் போகிற பதிவு பெற்றவரிடமிருந்து தேதி குறிப்பிட்ட கடிதம் வேண்டும். அதை அவர் ஒரு நாளும் கேட்கவில்லை. விஸ்மா புத்ராவில், அதாவது மலேசிய வெளியுறவு அமைச்சில், எடுக்கிற நன்னடத்தைச் சான்றிதழ் பற்றிப் பேச்சே இல்லை. மருத்துவப் பரிசோதனையும் இல்லை. வேலை சுலபமாக நடக்கிறது என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

2025 மே மாதம் கூப்பிட்டார். "பயோமெட்ரிக் வந்திருக்கு, கே.எல். போகத் தேவையில்லை, இங்கேயே எடுத்துடலாம்." பாஸ்போர்ட்டோடு போனேன். முதலில் தன் போன் கேமராவில் பாஸ்போர்ட் பக்கத்தைப் பிடித்தார். அப்புறம் பாஸ்போர்ட்டை மூடி, அட்டைமேல் போனை ஒட்டி வைத்தார். போன் ஒரு தடவை அதிர்ந்தது. "அசையாதீங்க" என்று போனை என் முகத்துக்கு நேராகத் தூக்கினார். திரையில் முட்டை வடிவத்துக்குள் என் முகம். பத்து நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. பயோமெட்ரிக் செலவு என்று தனியாக 350 வெள்ளி வாங்கிக்கொண்டார்.

இரண்டு நாள் கழித்து அவர் லெட்டர்ஹெட்டில் விசா கிடைத்துவிட்டதாகக் கடிதம் வந்தது. அம்மா கோயிலுக்குப் பொங்கல் வைத்தார். பெர்த்தில் மாப்பிள்ளை மண்டபத்துக்கு முன்பணம் கட்டினார். தாலி, மூன்று பட்டுப்புடவை, ஒரு வருடத்துக்கு வேண்டிய துணி, எல்லாம் பெட்டியில் ஏறியது.

ஞாயிற்றுக்கிழமை இரவு பெர்த்திலிருந்து அவர்தான் போனில் சொன்னார், "வீவோவில் ஒரு தடவை பார்த்துடு" என்று. வீவோ என்பது நம் விசா என்ன நிலையில் இருக்கிறது என்று நாமே இலவசமாகப் பார்க்கிற அரசாங்கச் சேவை. பிறந்த தேதி, பாஸ்போர்ட் விவரம், விசா கொடுக்கும்போது தருகிற கிராண்ட் எண் இருந்தால் போதும். அந்தக் கடிதத்தில் நிஜமாக இருந்தது அந்த கிராண்ட் எண் ஒன்றுதான். அடித்துப் பார்த்தேன். 300 என்று இருக்க வேண்டிய இடத்தில் 601 என்று இருந்தது. பக்கத்தில், மின்னியல் பயண அனுமதி. சுற்றுலா போகிறவர்களுக்கானது. ஒவ்வொரு தடவையும் மூன்று மாதம் வரைக்கும்தான் தங்கலாம். மலேசியப் பாஸ்போர்ட் வைத்திருக்கிற யாரும் போனில் செயலியை இறக்கி, 20 ஆஸ்திரேலிய டாலர் கட்டி, தாங்களே எடுத்துக்கொள்ளலாம். பாஸ்போர்ட் சிப்பைப் போனில் படிக்க வைப்பதும், முகத்தைப் படம் எடுப்பதும் அந்தச் செயலியின் வேலை. அன்றைக்கு ஏஜெண்ட் எனக்குச் செய்தது அது மட்டும்தான். நானும் மாப்பிள்ளையும் போனைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

மறுநாள் மாடி ஏறிக் கேட்டேன். ஏஜெண்டின் முகம் மாறவே இல்லை. "முதல்ல விசிட்டா போங்க, கவுண்டர்ல சும்மா சுத்திப் பார்க்க வந்தேன்னு சொல்லுங்க, கல்யாணம் முடிஞ்சதும் அங்கேயே மாத்திக்கலாம்" என்றார். அங்கே போய்க் கல்யாணம் செய்துகொண்டு துணைவர் விசாவுக்கு விண்ணப்பிக்கிற வழி சட்டத்தில் இருக்கிறது, அது உண்மை. ஆனால் அது 820 என்ற வேறு விசா, அதற்கும் அன்றைய நிலையில் அதே 9,095 டாலரைக் கட்ட வேண்டியிருந்தது. அதை அவர் சொல்லவில்லை. பெட்டியில் தாலியையும் முகூர்த்தப் புடவையையும் வைத்துக்கொண்டு அதிகாரி முகத்துக்கு நேரே சுற்றிப் பார்க்க வந்தேன் என்று நான் பொய் சொல்ல வேண்டுமாம். வந்தவர் நிஜமான சுற்றுலாப் பயணி இல்லை என்று தெரிந்தால் விமான நிலையத்திலேயே விசாவை ரத்து செய்து திருப்பி அனுப்ப முடியும். தோட்டத்தில் எல்லாரும் வழியனுப்பி வைத்த பிள்ளை மறுநாளே திரும்பி வந்து நின்றால் அம்மாவின் நிலைமை என்ன?

என் ஃபைலைக் கொடுங்கள் என்று பிடிவாதமாக உட்கார்ந்து வாங்கி வந்தேன். அதற்குள் இன்னொன்று இருந்தது. நாங்கள் 2021 முதல் சேர்ந்து குடியிருப்பதாக ஒரு வாக்குமூலம், கீழே என் கையெழுத்து. ஆரம்பத்தில் வெற்றுத் தாளில் வாங்கிய கையெழுத்து அது. நல்லவேளை, அது எங்கேயும் போகவில்லை. பொய்யான தகவலோ போலித் தாளோ கொடுத்தது தெரிந்தால் விண்ணப்பம் நிராகரிக்கப்படும், அதற்கப்புறம் மூன்று வருடத்துக்குப் பெரும்பாலான விசாக்கள் கிடைக்காது. ஏஜெண்ட் எழுதினார், எனக்குத் தெரியாது என்று சொல்லித் தப்பிக்க முடியாது. வெற்றுத் தாளில் கையெழுத்து மட்டும் யாருக்கும் போட்டுக் கொடுக்காதீர்கள்.

சுவரில் இருந்த ஏழு இலக்க எண்ணையும் தேடிப் பார்த்தோம். ஆஸ்திரேலியாவில் குடிநுழைவு ஏஜெண்டுகளைப் பதிவு செய்கிற அமைப்புக்கு ஓமாரா என்று பெயர். அதன் பட்டியலை யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம். அந்த எண் சிட்னியில் இருக்கிற வேறு யாருடையதோ. ஆஸ்திரேலியாவுக்கு வெளியே தொழில் செய்கிறவர்கள் அங்கே பதிவு செய்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பதிவு இல்லாத நல்ல ஏஜெண்டும் இருக்கலாம். ஆனால் அடுத்தவர் எண்ணைச் சட்டம் போட்டு மாட்டுகிறவரிடம் ஒரு நிமிடம்கூட நிற்க வேண்டாம்.

போலீஸில் ரிப்போர்ட் செய்தேன். அப்புறம் ஈப்போவில் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் வழக்குப் போட்டேன். இது நம் ஆட்கள் நிறையப் பேருக்குத் தெரியவில்லை. பதிவுக் கட்டணம் 5 வெள்ளி. 50,000 வெள்ளி வரைக்கும் கேட்கலாம், வக்கீல் தேவையில்லை, நாமே போய்ப் பேசலாம். மூன்று வருடத்துக்குள் போட்டுவிட வேண்டும். பேங்க் வழியாக அனுப்பிய 10,000 வெள்ளிக்குச் சீட்டு இருந்தது. ரொக்கமாகக் கொடுத்த 6,500-ஐ வாங்கவே இல்லை என்று சாதித்தார். அவரே வாட்ஸாப்பில் "முதல் பணம் கிடைத்தது அக்கா" என்று அம்மாவுக்கு அனுப்பியிருந்த செய்தியைக் காட்டிய பிறகுதான் ஒத்துக்கொண்டார். முழுப் பணத்தையும் திருப்பிக் கொடுக்கச் சொல்லித் தீர்ப்பு வந்தது. இதுவரை 6,000 கொடுத்திருக்கிறார். மீதிக்கு விடாமல் அலைகிறேன்.

விசா 300-க்கு நாங்களே விண்ணப்பித்துவிட்டோம். அதற்குள் 2025 ஜூலை வந்து கட்டணம் 9,365 டாலராக ஏறியிருந்தது. பெர்த்தில் மாப்பிள்ளை இரட்டை ஷிஃப்ட் பார்த்துக் கட்டினார். விண்ணப்பிக்கும்போது நான் ஆஸ்திரேலியாவுக்கு வெளியே இருக்க வேண்டும், விசா கிடைத்து ஒரு தடவை அங்கே நுழைந்த பிறகுதான் கல்யாணம். அதனால் இங்கே பதிவுத் திருமணம்கூடச் செய்யாமல் காத்திருக்கிறோம். இப்போது தினமும் காலையில் நானே லாகின் செய்து பார்க்கிறேன். நானும் அவரும் ஏற்றிய ஒவ்வொரு தாளும் தேதியோடு அங்கே இருக்கிறது.

போன வாரம் பக்கத்துத் தோட்டத்துப் பெண் ஒருத்தி ஆபீசுக்கு வந்தாள். மெல்பர்ன் மாப்பிள்ளை. அதே மாடி, அதே அண்ணன். அவளிடம் 17,000 வாங்கியிருக்கிறார். முகத்தைப் போனில் படம் எடுத்தாச்சா என்று கேட்டேன். செவ்வாய்க்கிழமை பாஸ்போர்ட்டோடு வரச் சொல்லியிருக்கிறாராம். பாஸ்போர்ட்டை வீட்டில் வைத்துவிட்டுப் போ, முதலில் டி.ஆர்.என். எண்ணைக் கேள் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்து அனுப்பியிருக்கிறேன்.