ஃபாயிலுக்கு எந்தக் கைட்: 12, 9, 7 மூன்றுமா, 9, 6 போதுமா?

கோவை, பொள்ளாச்சிப் பக்கமிருந்து ராமேஸ்வரம் போய்க் கடலில் கைட் (நாம் போர்டில் நிற்க, நம்மை இழுத்துப்போகும் பெரிய பட்டம்) ஓட்டுகிறவர் சாதாரண போர்டிலிருந்து ஃபாயிலுக்கு (அடியில் இறக்கை பொருத்திய போர்டு) மாறும்போது, கையில் இருக்கும் 12, 9, 7 சதுர மீட்டர் கைட் செட்டே போதும் என்றுதான் முதலில் நினைப்பார். ஓட்டலாம், தப்பில்லை. ஆனால் புதிதாகக் காசு போடுவதாக இருந்தால் எனக்கு அந்த செட்டில் உடன்பாடில்லை, 9, 6 ரெண்டே போதும் என்பேன். கீழே சொல்வதெல்லாம் 75 கிலோ ஆளுக்கான கணக்கு.

இழுவிசை காற்று வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். அதனால் 12 நாட் (காற்று வேக அலகு, ஒரு நாட் மணிக்கு சுமார் 1.85 கி.மீ.) காற்றில் 12 சதுர மீட்டர் கைட் (சுருக்கமாக 12 மீட்டர்) இழுக்கிற இழுப்பை, 14 நாட் வந்தாலே 9 மீட்டர் கைட் கொடுத்துவிடும். வெறும் ரெண்டு நாட் வித்தியாசம்! ஃபாயிலில் போர்டு தண்ணீரை விட்டு மேலே எழும்பியதும் தடை குறைந்து வேகம் பிடிக்கும், அந்த வேகமே கைட்டுக்கு இன்னும் கொஞ்சம் காற்றைச் சேர்த்துக் கொடுக்கும், அப்போது அந்த ரெண்டு நாட் இடைவெளி இருந்த இடமே தெரியாது. 9க்கும் 6க்கும் நடுவே மட்டும் உருப்படியான தூரம் இருக்கிறது: 12 நாட் காற்றில் 9 தருகிற இழுப்பை 6 தர ஏறக்குறைய 15 நாட் வேண்டும்.

காற்று குறைந்தால் 12 காப்பாற்றும் என்பார்கள். எனக்கு அதில்தான் சந்தேகம். பெரிய கைட் கனமானது, மெதுவாகத் திரும்பும். காற்று ஓய்ந்து தண்ணீரில் விழுந்தால் அதே காற்றில் திரும்ப எழுப்புவது பெரும்பாடு. ஸ்ட்ரட் (கைட்டின் குறுக்கே காற்று அடைத்த குழாய்) இல்லாத, அல்லது ஒரே ஸ்ட்ரட் உள்ள 9 மீட்டர் கைட் லேசானது, சட்டென்று திரும்பும், லூப் போட்டு (வட்டமாகச் சுழற்றி) இழுப்பை வரவழைக்கலாம். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஃபாயில் போட்டிக்குப் பெரிய பெரிய கைட் பறந்ததே என்றால், அவை துணி அறைகளில் காற்று நிரம்பிப் பறக்கிற ரகம், ஓட்டியவர்களும் பந்தயக்காரர்கள். நமக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது.

இந்த ரெண்டுக்கும் நடுவே 10, 7 ஜோடி இருக்கிறது. இப்போதுதான் ஃபாயில் பழகுகிறவர், 80 கிலோவுக்கு மேல் இருப்பவர் கண்ணை மூடிக்கொண்டு இதை எடுக்கலாம். தண்ணீரிலிருந்து எழுந்து நிற்கத் தடுமாறும் ஆளுக்கு அந்த ஒரு மீட்டர் நிஜமாகவே உதவும். 90 கிலோ என்றால் 12, 8.

அப்புறம் ஒன்றுங்க, பல்லடம், உடுமலையில் ஆடி மாதம் காற்றாலை சுற்றுகிற வேகத்தைப் பார்த்துவிட்டுக் கைட்டைப் பேக் பண்ணாதீர்கள். நம்ம ஊர்க் காற்று பாலக்காட்டுக் கணவாயில் நெருங்கி வேகம் கூடி வருவது, கடற்கரைக்கு முன்னறிவிப்பைத் தனியாகப் பார்க்க வேண்டும். அங்கே 20 நாட் தொட்டால் ஃபாயிலுக்கு 6 தான். சாதாரண போர்டில் அதே காற்றுக்கு 9 ஏற்றுவோம், அந்த நினைப்பிலேயே ஃபாயிலுக்கும் 9 ஐ ஏற்றினால் கைட் உங்களை இழுத்துக்கொண்டு போகும்.

செலவைப் பார்த்தால் 9, 6 க்கு ஒரே பார் (கைட்டின் கயிறுகளைப் பிடித்து ஓட்டும் கைப்பிடி) போதும், பையும் சிறுசு. ஒரே பிராண்டில் வாங்குங்கள், லைன் (கயிறு) நீளத்தை மாற்றிக்கொண்டிருக்கும் வேலை இருக்காது. பழையதாக வாங்கினால் 6 ஐ வாங்குங்கள், 9 ஐப் புதிதாக எடுங்கள். அதிகம் பறக்கப்போவது அதுதான்.