இலத்தீன் பயிற்சி: தமிழாக்கினால் போதுமா, திருப்பியும் எழுத வேண்டுமா?

ஆசிரியர் இல்லாமல் இலத்தீன் தொடங்குவோருக்கு இரண்டு வழிகள். பாடத்தைத் தமிழாக்கி, அச்சிலுள்ள மொழிபெயர்ப்போடு ஒத்துப் பார்ப்பது ஒன்று. அந்தத் தமிழை மறுநாள் மூலம் பார்க்காமல் இலத்தீனுக்கே திருப்புவது மற்றொன்று. 1570இல் வெளிவந்த நூலில் ஆங்கிலேய ஆசிரியர் ராஜர் ஆஸ்கம் வலியுறுத்தியது இரண்டாவதைத்தான். என் தேர்வும் அதுவே.

முதல் வழியில் நிறையப் படிக்கலாம், சொல்வளம் சீக்கிரம் பெருகும். ஆனால் தவறை யார் காட்டுவது? அச்சு மொழிபெயர்ப்பு பொருளை மட்டும் சொல்லும். விகுதியைப் பார்க்காமல் ஊகித்தே பொருளைப் பிடித்துவிட்டால், அறியாமை அப்படியே மறைந்துவிடும்.

தமிழில் இது இன்னும் எளிதாக நடக்கும். ‘நான் பார்த்த சிறுவன்’, ‘என்னைப் பார்த்த சிறுவன்’ இரண்டுக்கும் நமக்கு ஒரே பெயரெச்சம். இலத்தீனில் முன்னது ‘க்வெம்’, பின்னது ‘க்வீ’. சிறுவனுக்குப் பதில் சிறுமியைப் பார்த்திருந்தால் ‘க்வம்’. ‘நல்ல’ என்ற சொல்லும் எதற்கும் மாறாது. திருப்பி எழுதும்போதுதான் ‘நல்ல கவிஞர்’ என்பதற்கு ‘பொனா பொயேட்டா’ என்று கை போகும். பொயேட்டா ‘ஆ’வில் முடிந்தாலும் ஆண்பால், ‘பொனுஸ்’ என்பதே சரி. தமிழாக்கத்தோடு நிறுத்தியிருந்தால் இந்தப் பிழை வெளியே வந்திருக்காது.

ஒரு தடவைக்கு ஐந்தாறு வரி போதும். தமிழாக்கம் கொஞ்சம் கரடுமுரடாக, சொல்லுக்குச் சொல்லாக இருக்கட்டும். அழகுபடுத்தினால் திரும்பும் வழி அடைபடும். அன்றே திருப்பினால் மனப்பாடம்தான் எழுதும். ஒரு வாரம் விட்டால் சொற்களே மறந்துவிடும். திருத்தும்போது விகுதிப் பிழை, சொல் பிழை, வரிசை மாற்றம் மூன்றையும் தனித்தனியே குறியுங்கள். முதல் சில மாதங்கள் வரிசையைப் பொருட்படுத்தவே வேண்டாம்.

தொடங்க வுல்காத்தா எனப்படும் பழைய இலத்தீன் மொழிபெயர்ப்பு விவிலியத்தின் யோவான் நற்செய்தி நல்லது: வாக்கியங்கள் சிறியவை, சொற்கள் திரும்பத் திரும்ப வரும். ஒரு எச்சரிக்கை: ‘என்று சொன்னான்’ என்பதற்கு அதில் ‘க்வியா’ என்ற இணைப்புச்சொல் அடிக்கடி வரும். ஜூலியஸ் சீசரின் நூல்களில் அந்த இடத்தில் இரண்டாம் வேற்றுமையும் வினையின் முடிவிலி (infinitive) வடிவமும் சேர்ந்து வரும். சீசருக்குப் போகும்போது அந்தப் பழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும்.

செய்யுளுக்கு மட்டும் இம்முறையைப் பரிந்துரைக்கத் தயங்குவேன். அங்கே சொல்தேர்வையும் வரிசையையும் யாப்பும் தீர்மானிப்பதால், மூலத்தோடு ஒத்துப் பார்த்து எது பிழை, எது யாப்பின் கட்டாயம் என்று தொடக்க நிலையில் பிரித்தறிவது கடினம்.