ஏஓசி-4 எக்ஸ்பிஆர்எல்: ஆண்டுக் கணக்கை மின்வடிவில் தாக்கல் செய்வதில் கண்டவை

இந்தியாவில் 2010-11 நிதியாண்டின் கணக்குகளிலிருந்து குறிப்பிட்ட வகை நிறுவனங்கள் தங்கள் நிதிநிலை அறிக்கையை எக்ஸ்பிஆர்எல் வடிவில், அதாவது ஒவ்வோர் எண்ணுக்கும் இயந்திரம் படிக்கும் அடையாளமிட்ட மின்கோப்பாக, நிறுவன விவகார அமைச்சகத்திடம் தாக்கல் செய்து வருகின்றன. இப்போது இதற்கான படிவம்தான் ஏஓசி-4 எக்ஸ்பிஆர்எல். பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்களும் அவற்றின் இந்தியத் துணை நிறுவனங்களும் மட்டுமல்ல, செலுத்தப்பட்ட மூலதனம் 5 கோடி ரூபாயோ விற்றுமுதல் 100 கோடி ரூபாயோ எட்டிய தனியார் நிறுவனங்களும் இதற்குள் வருகின்றன. ஒருமுறை உள்ளே வந்துவிட்டால், பின்னர் விற்றுமுதல் குறைந்தாலும் வெளியேற வழியில்லை. நடுத்தர அளவிலான ஓர் உற்பத்தி நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இருந்துகொண்டு இந்த வடிவத்தோடு நெடுங்காலம் பழகியவன் என்ற முறையில் என் அனுபவத்தைப் பதிவு செய்கிறேன். வங்கி, காப்பீடு, வங்கிசாரா நிதி நிறுவனங்களுக்கு விலக்கு இருப்பதால் அவர்களுக்கு இதில் பயனில்லை.

வெளியிலிருந்து பார்ப்பவர்கள் இதை டைப்பிங் வேலையாகவே எண்ணுகிறார்கள்: அச்சிட்ட கணக்கில் உள்ள எண்களை எடுத்து மென்பொருளின் கட்டங்களில் இட்டால் முடிந்தது என்று. உண்மையில் ஒவ்வோர் எண்ணுக்கும் அது எந்தத் தலைப்புக்கு உரியது, எந்தத் தேதிக்கு அல்லது எந்தக் காலத்துக்கு உரியது, எந்த அலகில், எவ்வளவு துல்லியத்தில் என்ற விவரங்களை இணைத்தாக வேண்டும். இவற்றில் துல்லியம்தான் புதியவர்களைக் குழப்புகிறது. கணக்கைக் கோடியில் இரண்டு தசமத்தோடு அச்சிடும் நிறுவனம் 12.35 என்று காட்டினால், கோப்பில் 123500000 என முழு ரூபாயும், துல்லியக் குறியாக -5-உம் செல்ல வேண்டும். அச்சில் கோடி என்று இருக்கிறதே என -7 போடுபவர்கள் உண்டு. இரண்டு தசமம் என்றாலே கணக்கு லட்சம் வரை சரியாக இருக்கிறது என்று பொருள். லட்சத்துக்கு ஐந்து சைபர் என்பதால் அதைத்தான் -5 சொல்கிறது. இதே காரணத்தால், லட்சத்தில் இரண்டு தசமம் காட்டினால் -3 வரும்.

அடுத்த சிக்கல் கூட்டல் கழித்தல் குறிகள். பணப்புழக்க அறிக்கையில் சரக்கிருப்புக்கான தலைப்பு ‘குறைவு (உயர்வு)’ என்ற அமைப்பில் இருக்கிறது. கையிருப்பு 80 லட்சம் உயர்ந்திருந்தால் அந்த எண் எதிர்மறையாகத்தான் செல்ல வேண்டும். அச்சுப்படியில் அடைப்புக்குறிக்குள் இருந்த எண்ணை யாராவது நேர்மறையாக ஏற்றிவிட்டால், மொத்தத்தில் 1 கோடியே 60 லட்சம் இடிக்கும். வித்தியாசத்தை இரண்டால் வகுத்து, வரும் தொகை ஏதேனும் ஒரு வரியில் இருக்கிறதா என்று தேடும் பழைய கணக்குப்பிள்ளை முறை இங்கே இன்றும் கைகொடுக்கிறது. சரிபார்ப்புக் கருவி கூட்டுத்தொகை பொருந்தவில்லை என்று சொல்லும். ஏன் என்பதை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இவையெல்லாம் பழகினால் தீர்ந்துவிடும். தீராதது டேக்சானமி, அதாவது எண்களுக்குச் சூட்ட அனுமதிக்கப்பட்ட தலைப்புகளின் பட்டியல், பற்றிய குறை. நம் டேக்சானமி மூடிய வகையைச் சேர்ந்தது. கொடுக்கப்பட்ட தலைப்புகளுக்குள் நம் கணக்கைப் பொருத்த வேண்டுமே தவிர, புதிதாக ஒரு தலைப்பை உருவாக்க இயலாது. அமெரிக்காவில் பங்குச்சந்தை ஆணையத்திடம் தாக்கல் செய்யும் நிறுவனங்கள் தேவைப்பட்டால் சொந்தத் தலைப்பைச் சேர்க்கலாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்களின் ஆண்டறிக்கைக்கான மின்வடிவமான ஈசெஃப் முறையிலும் அதற்கு இடமுண்டு. ஆனால் அங்கே புதிய தலைப்பை, பொருளில் அதற்கு மிக நெருக்கமான பொதுத் தலைப்போடு கட்டிவைக்க வேண்டும். மூடிய முறையில் நிறுவனங்களை ஒப்பிடுவது எளிது என்ற வாதத்தை நான் பாதிதான் ஏற்கிறேன். வார்ப்படம் தயாரிப்பவரின் அச்சுப்பெட்டிச் செலவும், ஏற்றுமதியாளரின் சோதனைச் சான்றிதழ்க் கட்டணமும், இன்னொருவரின் குடியிருப்புப் பராமரிப்பும் கடைசியில் ‘இதர செலவுகள்’ என்ற ஒரே குடத்தில் விழுந்தால், அங்கே ஒப்பிட என்ன மிஞ்சுகிறது? ஆகவே ஒரு செலவை ‘இதர’ என்பதில் தள்ளும் முன், அதன் தன்மைக்கு ஏற்ற தலைப்பு டேக்சானமியில் வேறெங்காவது இருக்கிறதா என்று பார்த்து, எடுத்த முடிவைக் காரணத்தோடு ஒரு எக்செல் தாளில் எழுதிவைப்பது எங்கள் வழக்கம். ஆள் மாறினாலும் அடுத்த ஆண்டு அதே தலைப்பே தொடர வேண்டும். இல்லையென்றால் முந்தைய ஆண்டுக்கான எண்களின் நெடுவரிசை சென்ற ஆண்டு தாக்கல் செய்ததோடு ஒத்துவராது.

இந்தப் பணியை வெளி நிறுவனங்களிடம் ஒப்படைப்பது பரவலான வழக்கம். நாங்களும் சில ஆண்டுகள் அப்படிச் செய்தோம். அவர்களுடைய மென்பொருள் அறிவு நன்றாகவே இருந்தது, கோப்பும் பிழையின்றிச் சரிபார்ப்பைக் கடந்தது. ஆனால் ஒரு முன்பணம் மூலதனச் செலவுக்கானதா கச்சாப்பொருளுக்கானதா என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்? கருவி எண்களின் உறவைச் சோதிக்குமே ஒழிய, தலைப்பின் பொருத்தத்தைச் சோதிக்காது. அதனால் இப்போது தலைப்பிடுவது எங்கள் பொறுப்பு, கோப்பாக்குவது மட்டும் வெளியில்.

எண்கள் அல்லாத பகுதியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இயக்குநர்களின் டின் எண் (இயக்குநர் அடையாள எண்), தணிக்கையாளரின் பதிவெண், முதன்மைப் பொருளின் நான்கிலக்கக் குறியீடு (திரவ பம்ப் தயாரிப்பவருக்கு 8413) போன்றவற்றை முன்கூட்டியே திரட்டிவைத்தால் போதும். கணக்குக் கொள்கைகளை வேர்டிலிருந்து அப்படியே ஒட்டும்போது அட்டவணைகள் சிதைகின்றன. இறுதியில் உருவாகும் பிடிஎஃப்பில் அவை கட்டத்துக்குள் வராமல், ‘கீழே காண்க’ என்ற குறிப்போடு பக்கக் கடைசிக்குத் தள்ளப்படுவதால் படிப்பவர் மேலும் கீழும் அலைய வேண்டியிருக்கிறது.

கையெழுத்திட்ட அச்சுக்கணக்கு ஒன்று, இயந்திரம் படிக்கும் கோப்பு மற்றொன்று என இரண்டு படிகளைப் பராமரிப்பதே இந்த முறையின் பெரிய பலவீனம் என்று கருதுகிறேன். ஐரோப்பாவில் வலைப்பக்கம் போலத் திறக்கும் ஒரே எக்ஸ்எச்டிஎம்எல் ஆவணத்தை மனிதரும் படிக்கிறார், இயந்திரமும் படிக்கிறது. நம்மிடம் அது வரும்வரை, வேலையின் வரிசையை மாற்றுவதே நடைமுறைத் தீர்வு. பொதுக்குழு முடிந்து 30 நாட்களுக்குள் தாக்கல் செய்ய வேண்டும், தவறினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் கூடுதல் கட்டணம் என்பதால், பலர் பொதுக்குழுவுக்குப் பிறகுதான் இந்த வேலையைத் தொடங்குகிறார்கள். அப்போது ஒரு குறிப்பின் கூட்டல் இருப்புநிலைக் குறிப்போடு 0.01 இடிப்பது தெரியவந்தால், இயக்குநர் குழு ஒப்புதல் தந்து தணிக்கையாளரும் கையெழுத்திட்ட கணக்கில் கைவைக்க முடியாது. நாங்கள் வரைவுக் கணக்கு தயாரானதுமே கோப்பை உருவாக்கிச் சரிபார்ப்புக் கருவியில் ஓட்டிவிடுகிறோம். தசமம் இடிக்கும் இடங்களும், குறிப்புக்கும் அட்டவணைக்கும் இடையிலான முரண்களும் இயக்குநர் குழுக் கூட்டத்துக்கு முன்பே வெளிப்பட்டு, அச்சுப்படியிலேயே திருத்தப்படுகின்றன. எங்கள் தணிக்கையாளர் இப்போது வரைவுக் கணக்கோடு அந்தச் சரிபார்ப்பு முடிவையும் கேட்டு வாங்கிக்கொள்கிறார்.